லண்டனிலிருந்து சிட்னிக்கு அம்மாவை எந்த வழியால் கூட்டி வருவது?

அம்மாவுக்கு 74 வயது. லண்டனில் அக்கா வீட்டில் இருக்கிறார். வருகிற ஒக்டோபர் நடுப்பகுதியில் என் மகளின் அரங்கேற்றம். அதற்கு அவர் சிட்னி வந்தே தீரவேண்டும். இரண்டு முழங்காலிலும் தேய்மானம், நீரிழிவு, கனநேரம் காலைத் தொங்கவிட்டு இருந்தால் வீக்கம். துணைக்கு அக்காவும் வருகிறார். இரண்டு கிழமையாகத் தொலைபேசியில் நாங்கள் கதைப்பதெல்லாம் இந்தப் பயணத்தைப் பற்றித்தான். அக்கா டுபாய் என்கிறார். போன முறை வந்து பழகிய வழி. அவருடைய மகன், என் பெறாமகன், அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் வரை ஒரே பறப்பில் வந்துவிடலாம் என்கிறான். நான் சிங்கப்பூர் என்கிறேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொழும்பில நிண்டு வர ஏலாதோ?" என்கிறார்.

எங்களைப்போல ஒரு கால் லண்டனிலும் மறுகால் சிட்னியிலுமாக இருக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. இதே கேள்வி அவர்கள் வீட்டிலும் வரும். அதனால் நான் கூட்டிக் கழித்துப் பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் தூரம். மகளின் மேசையில் ஒரு பூமி உருண்டை இருக்கிறது. நூலின் ஒரு நுனியை லண்டனில் பிடித்து, சிட்னி வரை இறுக்கி இழுத்துப் பார்த்தேன். சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நூல் வளைகுடாப் பக்கமாகப் போகும் என்றுதான் தோன்றும். அப்படிப் போகவில்லை. பால்டிக் கடலைத் தாண்டி, ரஷ்யாவைக் குறுக்கறுத்து, சீனாவுக்குள் இறங்கி, ஹொங்கொங் மேலாகப் பிலிப்பைன்ஸைக் கடந்து அவுஸ்திரேலியாவுக்கு வந்தது. அந்த நூலின் நீளம் சுமார் 17,020 கிலோமீற்றர். பூமியின் சுற்றளவே ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர்தான் என்பதை நினைத்தால், இதைவிடப் பெரிய தூரத்தில் வாழ்வதற்கு உலகத்தில் அதிகம் இடம் மிச்சமில்லை.

இடையில் ஓர் ஊரில் இறங்கினால் எவ்வளவு கூடுகிறது? சிங்கப்பூரில் இறங்கினால் இரண்டு துண்டும் சேர்ந்து சுமார் 17,180. டுபாய் என்றால் 17,540. டோஹா 17,610. பேர்த் 17,790. அம்மா கேட்ட கொழும்பு 17,480. இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கே ஆச்சரியம்: கொழும்பு, டுபாயைவிடக் குறைந்த சுற்று. அதைவிடவும் ஒன்று இருக்கிறது. லண்டனிலிருந்து கொழும்பு சுமார் 8,715 கிலோமீற்றர், கொழும்பிலிருந்து சிட்னி சுமார் 8,765. 50 கிலோமீற்றர்தான் வித்தியாசம். எங்கள் பிள்ளைகள் போய்க் குடியேறிய இரண்டு நகரங்களுக்கும் சரிநடுவில் எங்கள் தீவு கிடக்கிறது.

ஆக, மிகக் குறைந்த சுற்றுக்கும் மிகக் கூடிய சுற்றுக்கும் இடையில் 600 கிலோமீற்றர் சொச்சம். மணிக்கு 900 கிலோமீற்றர் போகிற விமானத்துக்கு அது முக்கால் மணி நேரம்கூட இல்லை. பேர்த் வழி கேட்க மிகக் குறுக்குவழி போலத் தோன்றும்; தூரத்தில் பார்த்தால் இந்த வரிசையில் அதுதான் நீளம். தூரத்தை வைத்து டிக்கெட்டைத் தெரிவு செய்வதில் பொருளில்லை என்பது அதோடு எனக்கு விளங்கிவிட்டது.

அப்படியானால் நேரம் எங்கே கூடிக் குறைகிறது? ஒன்று காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று ஓடுகிறது. அதனால் லண்டனிலிருந்து இங்கே வரும்போது நேரம் குறையும், திரும்பும்போது கூடும். பேர்த்துக்கு வருவது ஏறத்தாழ 16 மணி 45 நிமிடம் என்றால், பேர்த்திலிருந்து லண்டன் 17 மணி 20 நிமிடத்துக்கு மேல் போகும். மற்றது, பறக்க விடாத வானம். 2022க்குப் பிறகு பிரித்தானிய, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வானம் மூடப்பட்டுவிட்டது. நான் இழுத்த நூல் போகிற வழியே அவர்களுக்கு அடைப்பு. தெற்கே இறங்கிச் சுற்றித்தான் வருகிறார்கள். சீன நிறுவனங்கள் இன்னும் ரஷ்யாவுக்கு மேலால் பறக்கின்றன. அந்த வழியில் மலிவான டிக்கெட் கண்ணில் படுவது உண்டு.

2024 ஏப்ரலில் நடந்தது இரண்டையும் சேர்த்துக் காட்டும். ஈரான் பக்கம் பதற்றம் கூடியபோது அவுஸ்திரேலிய விமான நிறுவனமான குவான்டாஸ் அந்த வானத்தைத் தவிர்த்துச் சுற்றிப் பறக்க வேண்டி வந்தது. லண்டனிலிருந்து பேர்த் வரும் விமானம், பின்காற்று துணையிருந்ததால், வழக்கம்போல நிற்காமலே வந்தது. பேர்த்திலிருந்து லண்டன் போகிறது மட்டும் எரிபொருள் போதாமல் சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டு போனது. விமானமும் ஒன்று, ஊர்களும் அவைதான். வருகையில் முடிந்தது போகையில் முடியவில்லை.

மூன்றாவது காத்திருப்பு. காற்றும் வானமும் ஒரு மணி, இரண்டு மணி கூட்டிக் குறைக்கலாம். இடைத்தங்கல் ஆறு மணியையும் கூட்டும், பத்தையும் கூட்டும். மொத்தப் பயணம் 22 மணியா 32 மணியா என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

சரி, அக்காவின் வழிக்கு வருகிறேன். லண்டனிலிருந்து டுபாய் 7 மணி நேரம், அங்கிருந்து சிட்னி 14 மணி நேரம் அளவில். இடையில் இரண்டு மூன்று மணி. வசதியான வழி, மறுப்பதற்கில்லை. நாளுக்குப் பல விமானங்கள், பெரிய விமானங்கள், ஒன்று தவறினால் அடுத்தது. டோஹாவும் அபுதாபியும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். விலையும் பல நேரம் இறங்கி வரும்.

அம்மாவை நினைக்கும்போது எனக்கு உறுத்துவது நேரத்தின் அளவு இல்லை, அதன் ஒழுங்கு. லண்டனில் இரவு ஏறுகிறார். சாப்பாடு தந்து, தட்டு எடுத்து, விளக்கை அணைத்துக் கண் அயரும்போது நாலு மணி நேரம்தான் மிச்சம். அதிலும் இறங்குவதற்கு முன் காலைச் சாப்பாட்டுக்கு எழுப்பிவிடுவார்கள். டுபாயில் முனையங்கள் பெரியவை, ஒரு பகுதியிலிருந்து மற்றதுக்கு ரயிலில் போக வேண்டி வரலாம். அரைத் தூக்கத்தில் அதெல்லாம் முடித்து, களைத்த உடம்போடு ஏறும்போதுதான் 14 மணி நேரம் தொடங்குகிறது. சின்னத் துண்டு முதலில், பெரிய துண்டு பிறகு.

போன முறை அம்மா இறங்கி வந்ததை மறக்க மாட்டேன். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறவில்லை. செருப்பைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, விமானத்தில் தந்த துணிக் காலுறையோடு இருந்தார். "கால் என்ர கால் மாதிரியே இல்லை" என்றார். சரியாக இரண்டு நாள் எடுத்தது. அதோடு, எந்த ஊர் நேரத்துக்கு இரவுக் குளிசை போடுவது என்று குழம்பி, அதைப் போடாமலே வந்து சேர்ந்தார்.

வளைகுடா வழியில் இன்னொரு யோசனையும் உண்டு. 2025 ஜூன் 23ஆம் திகதி கட்டாரில் இருந்த அமெரிக்கத் தளத்தை ஈரான் ஏவுகணையால் தாக்கியபோது கட்டார் தன் வானத்தை மூடியது. வந்துகொண்டிருந்த விமானங்கள் எங்கெங்கோ திருப்பப்பட்டன. சில மணி நேரத்தில் திறந்தார்கள் என்றாலும், சிக்கியவர்கள் ஊர் போய்ச்சேர நாள்கள் ஆயின. இளையவர்களுக்கு அது ஒரு கதை. குளிசைப் பெட்டியோடு பயணம் செய்யும் ஒருவருக்கு அப்படி இல்லை. டிக்கெட் எடுக்கும் கிழமையில் செய்தியைப் பார்த்துவிட்டு எடுப்பது நல்லது.

பெறாமகன் சொல்லும் பேர்த் வழி 2018 மார்ச்சில் வந்தது. லண்டன் ஹீத்ரோவிலிருந்து பேர்த் 14,500 கிலோமீற்றர், நடுவில் எங்கும் இறங்குவதில்லை. பேர்த்திலிருந்து சிட்னி இன்னும் 4 மணி நேரம்; அது அவனுடைய கணக்கில் முதலில் வரவில்லை. அவனுக்கு 24 வயது. அவனுக்கு இது நல்ல வழி என்றே நான் நினைக்கிறேன்: ஏறினான், படம் பார்த்தான், தூங்கினான், அவுஸ்திரேலியாவில் இறங்கினான். வேலைக்கு லீவு குறைவாக உள்ளவர்களுக்கும், கைக்குழந்தையோடு இடைத்தங்கலில் அலைய விரும்பாதவர்களுக்கும் இது பொருந்தும்.

அம்மாவுக்கு 17 மணி நேரம் ஒரே இருக்கையில் என்பது எனக்குப் பயம். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் காலின் ஆழத்தில் உள்ள இரத்தநாளத்தில் இரத்தம் உறையலாம் என்பது மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. எழுந்து நடக்கலாம்தான். ஆனால் முழங்கால் நோகிறவர், நடு இருக்கைக்காரரை எழுப்ப வெட்கப்பட்டு, தண்ணீரையும் குடிக்காமல் இருந்துவிடுவார். எங்கள் அம்மாமார் எல்லாரும் அப்படித்தான்.

பேர்த் வழியில் சாமான் விஷயமும் இருக்கிறது. நாட்டுக்குள் முதலில் இறங்கும் இடம் அதுதான். கடவுச்சீட்டுப் பரிசோதனை, சுங்கம், உயிர்ப்பாதுகாப்பு (சாப்பாட்டுச் சாமான், செடிகொடி பார்க்கும் சோதனை) எல்லாம் அங்கே முடித்துவிட்டு உள்நாட்டு விமானத்துக்கு மாறவேண்டும். அம்மாவின் பெட்டியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்: அக்கா வீட்டுக் குசினியில் வறுத்து அரைத்த கறித்தூள், ஒடியல்மா, பருத்தித்துறை வடை, கருவாடு வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் ஒரு சின்னப் பொதி கருவாடு. எந்த வழியால் வந்தாலும் வருகை அட்டையில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று குறிக்கவேண்டும். குறித்தால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துவைப்பார்கள். குறிக்காமல் பிடிபட்டால் தண்டம் பெரிது. இதைச் சிட்னியில், நான் வெளியே காத்து நிற்கும் இடத்தில் செய்வது அம்மாவுக்கு லேசு. பேர்த்தில் அடுத்த விமானத்துக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்வது லேசில்லை.

இனி என் பக்கம். லண்டனிலிருந்து சிங்கப்பூர் 13 மணி சொச்சம், சிங்கப்பூரிலிருந்து சிட்னி 8 மணிக்குச் சற்றுக் குறைய. அக்கா உடனே பிடித்துக்கொண்டார்: "உதிலயும் ஒரு 13 மணித்தியாலம் இருக்குத்தானே?" இருக்கிறது. டுபாய் வழியின் நீளமான துண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் இங்கே பெரிய துண்டு முதலில் வருகிறது. உடம்பு புதிதாக இருக்கும்போது, லண்டனின் இரவில், அம்மா வழக்கமாகத் தூங்கும் நேரத்தில். ஆறேழு மணி நேரம் உண்மையாகத் தூங்கலாம். விழிக்கும்போது பாதிக்கு மேல் தாண்டியிருக்கும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிக் காலை நீட்டி, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறினால் மிச்சம் இருப்பது சின்னத் துண்டு.

சாங்கியில் நான் மதிக்கும் ஒரு விஷயம், பெரும்பாலான முனையங்களில் பாதுகாப்புப் பரிசோதனை ஏறும் வாசலிலேயே நடப்பது. இறங்கியவுடன் எல்லாரோடும் நெருக்கி ஒரே நீண்ட வரிசையில் நிற்கத் தேவையில்லை. தரை முழுக்க விரிப்பு, நடக்கும் தூரத்தில் கழிவறை, தமிழிலும் பெயர்ப்பலகை. முழங்கால் நோகிறவருக்கு இதெல்லாம் சின்ன விஷயமில்லை. இன்னும் ஒன்று: களைப்பு மிஞ்சினால் ஒரு இரவு அங்கேயே தங்கிவிட்டும் வரலாம். லிட்டில் இந்தியாவில் இடியப்பம் கிடைக்கும். அம்மாவுக்கு அது போதும்.

சில விமானங்கள் லண்டன்–சிங்கப்பூர்–சிட்னி என்று ஒரே இலக்கத்தில் வருகின்றன. அப்போது சிங்கப்பூரில் எல்லாரும் இறங்கி, ஒன்றரை மணி நேர அளவில் மீண்டும் ஏறவேண்டும். இணைப்புத் தவறும் என்ற பயமில்லை. ஆனால் ஓய்வும் குறைவு. நிறுவனம் மாறாமல், நடுவில் மூன்று மணி நேரம் கிடைக்கும் இணைப்பையே அம்மாவுக்கு விரும்புகிறேன்.

இந்த மூன்று மணி நேரத்தை நான் அனுபவப்பட்டுத்தான் கேட்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு நிறுவனங்களில் இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தேன். நடுவில் ஒரு மணி 20 நிமிடம். முதல் விமானம் 50 நிமிடம் பிந்தியது. இரண்டாவது போய்விட்டது. தனி டிக்கெட் என்பதால் முதல் நிறுவனம் பொறுப்பெடுக்கவில்லை, இரண்டாவது நிறுவனம் நான் வராதது என் பிழை என்றது. ஐந்து வயது மகளைத் தரையில் என் சால்வையை விரித்துப் படுக்கவைத்து, விடியும்வரை அவள் தலைமாட்டில் இருந்தேன். புதிய டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு, மிச்சம்பிடித்ததைப்போல மூன்று மடங்கு. ஒரே பதிவில் எடுத்த டிக்கெட் என்றால், இணைப்புத் தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடவேண்டியது அவர்கள் பொறுப்பு. வயதானவர்கள் பயணம் செய்யும்போது இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். சக்கர நாற்காலியையும் டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள்.

எங்கும் இறங்காமல் லண்டனிலிருந்து சிட்னி வரை நேரே வரும் விமானம் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் பறந்து பார்த்திருக்கிறார்கள். 1989 ஓகஸ்ட்டில் குவான்டாஸின் புதிய ஜம்போ ஒன்று, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு 20 மணி 9 நிமிடத்தில் வந்து இறங்கியது. 2019 நவம்பரில் 52 பேரோடு ஒரு சோதனைப் பறப்பு: 17,800 கிலோமீற்றர், 19 மணி 19 நிமிடம். இப்போது இதற்கென்றே கூடுதல் எரிபொருள் தாங்கி வைத்த 12 ஏ350 விமானங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். 238 இருக்கைகள், நடுவில் நின்று கைகால் நீட்ட ஓர் இடம். 2027இல் பயணிகளை ஏற்றுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நாலு மணி நேரம்வரை மிச்சமாகுமாம். எனக்கு அது வேண்டும். அவசரத்துக்கு லண்டன் ஓடவேண்டிய நாள் எல்லாருக்கும் வரும். அம்மாவுக்கு வேண்டாம்.

அந்தத் திட்டத்துக்கு 'சூரியோதயம்' என்று பொருள்படப் பெயர் வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது எங்கள் தீவோடு சம்பந்தப்பட்டது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் லண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான விமானப் பாதை அறுந்தது. அதை ஒட்டவைக்க 1943இல் பேர்த்தின் சுவான் ஆற்றிலிருந்து இலங்கையின் காலி நகருக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரிக்குக் கட்டலினா நீர்விமானங்களைப் பறக்கவிட்டார்கள். 5,650 கிலோமீற்றர் இந்து சமுத்திரம், கீழே ஒரு தரிப்பிடம் இல்லை. ஜப்பானியர் கேட்டுவிடக்கூடாது என்று வானொலியை அமர்த்திவிட்டு நட்சத்திரம் பார்த்து வழி பிடித்தார்கள். எரிபொருளின் பாரத்தில் மூன்று பயணிகளுக்குத்தான் இடம். 27 மணியிலிருந்து 33 மணிவரை எடுக்கும். ஒரே பறப்பில் சூரியன் இரண்டு முறை உதிக்கும். இதை அம்மாவுக்குச் சொன்னபோது, "அப்ப அந்தக் காலத்திலயே எங்கட ஊரில நிண்டுதானே போயிருக்கினம்" என்றார். அவருடைய கேள்விக்கு நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பது அதில் இருந்தது.

கொழும்பு வழியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். லண்டனிலிருந்து 11 மணி நேரத்துக்குள், அங்கிருந்து சிட்னி இன்னும் அவ்வளவு. சிங்கப்பூர், டுபாய், பேர்த் எல்லாவற்றிலும் 13க்கு மேல் ஒரு துண்டு இருக்கிறது, கொழும்பில் இல்லை. காலுக்கு இதுதான் மிக நல்ல பிரிப்பு. குறை என்னவென்றால் விமானங்கள் குறைவு. பயண நாளை விமான நிறுவனத்தின் அட்டவணைக்கு ஏற்றபடி வைக்கவேண்டும், இணைப்பு நேரமும் சில வேளை நீண்டுவிடும். அரங்கேற்றத்துக்கு நாள் குறித்து வருகிறவர் அதை நம்பி வர முடியாது. இறங்கி ஒரு மாதம் தங்கிப் போகிறவருக்கு அது குறையே இல்லை.

நேற்று அக்காவோடு முடித்துவிட்டேன். வருவது சிங்கப்பூர் வழி, ஒரே பதிவு, மூன்று மணி நேர இடைத்தங்கல், அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கை, அக்காவுக்குப் பக்கத்து இருக்கை. ஒக்டோபர் நடுப்பகுதியில் இரண்டு ஊருக்கும் 10 மணி நேர வித்தியாசம். அதனால் குளிசை எந்த மணிக்கு என்பதை, ஏறியதிலிருந்து எத்தனையாவது மணி என்று அக்கா அவருடைய மருத்துவரிடம் எழுதி வாங்குகிறார். இரவு 11க்கும் காலை 6க்கும் இடையில் சிட்னியில் பெரும்பாலான பயணிகள் விமானங்களை இறங்க விடமாட்டார்கள். விடிய 6 மணிக்குப் பிறகு நான் அங்கே நிற்பேன், ஒரு அளவு பெரிய செருப்போடு.

திரும்பும்போது கொழும்பில் இறங்குகிறார். அங்கிருந்து யாழ்ப்பாணம். டிசம்பர் முழுக்கச் சின்னம்மா வீட்டில். லண்டன் டிக்கெட்டின் திகதியை எழுதாமல் வைக்கலாமா என்று அம்மா கேட்டிருக்கிறார். மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுக்கச் சொல்லி அக்காவுக்குச் சொல்லியிருக்கிறேன்.